அடமா, நோயா, விருப்பமா?

"ரொம்பப் படுத்துறாரும்மா" என்று இரவுப் பணி முடித்துப் போகும் நர்ஸ் மகளிடம் சொல்வார். ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்திருப்பார் அந்தப் பெரியவர். படுக்கையைச் சுத்தம் செய்ய வந்த ஆயாவை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார். மருமகள் கொண்டுவந்த கஞ்சியில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் முறையிட்டிருப்பார். நாளைக்கு ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருப்பார். மகளும் தலையை ஆட்டி, "அவர் எப்பவுமே அப்படித்தான் சிஸ்டர், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பார். தமிழ்நாட்டில் அரசு, தனியார் என்ற வேறுபாடு இல்லாமல் எந்த முதியவரின் படுக்கை அருகிலும் கேட்கக்கூடிய பேச்சு இது.

ஆனால் மேலே சொன்ன நான்கும் ஒரே இடத்திலிருந்து வருபவை அல்ல. குழாயைப் பிடுங்கியதும் கஞ்சியைச் சந்தேகப்பட்டதும் இரண்டு நாளில் மூளையில் ஏற்பட்ட கோளாறாக இருக்கலாம். ஆயாவைத் திட்டியது அறுபது வருடப் பழக்கமாக இருக்கலாம். ஆபரேஷன் வேண்டாம் என்றது, யோசித்துத் தெளிந்த ஒரு மனிதரின் முடிவாகவும் இருக்கலாம். முதலாவதற்கு வைத்தியம் வேண்டும். இரண்டாவதற்குச் சாமர்த்தியம் போதும். மூன்றாவதற்குக் குடும்பம் கட்டுப்பட்டாக வேண்டும். நாம் மூன்றையும் அடம் என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். அதனால் நோய்க்குப் பொறுமையையும் விருப்பத்துக்கு மயக்க ஊசியையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். முதியோர் மருத்துவம் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுச் சில பத்தாண்டுகள் ஆகின்றன. இந்தியச் சட்டம் கடந்த இருபது ஆண்டுகளில்தான் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. வீடுகள் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

முதலில் நோயை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் தவறவிடப்படுவது அதுதான்.

மருத்துவமனையில் சேர்ந்த முதியவர் திடீரென்று ஆள் மாறிப்போவதை டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். வீட்டார் "பேத்துறார்" என்கிறார்கள். பகலில் ஓரளவு சரியாக இருப்பார், பொழுது சாய்ந்ததும் எழுந்து உட்கார்ந்து செத்துப்போன தம்பியைக் கூப்பிடுவார். இடம் தெரியாது, நேரம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். இது மணிக்கணக்கில் வரும், நாளுக்குள்ளேயே ஏறும், இறங்கும். அந்த வேகம்தான் இதன் அடையாளம். "முந்தாநாள் வரைக்கும் நல்லா பேசிட்டிருந்தார்" என்று வீட்டார் சொன்னால், அதை டாக்டரின் காதில் போட்டே ஆகவேண்டும். இரத்தப் பரிசோதனையைவிடப் பெரிய தகவல் அது. அதைச் சொல்லக்கூடியவர்கள் வீட்டார் மட்டும்தான். டூட்டி டாக்டருக்கு இவருடைய முந்தாநாள் தெரியாது.

காரணங்கள் பெரும்பாலும் எளியவை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, அடைத்துக்கொண்ட சிறுநீர், நாலு நாள் மலச்சிக்கல், அடக்கப்படாத வலி, புதிதாகச் சேர்த்த மாத்திரைகள். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, சோடியம். இரத்தத்தில் 135 முதல் 145 வரை இருக்கவேண்டிய அளவு 120க்குப் பக்கத்தில் இறங்கினால் ஆள் குழம்பிப்போவார். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகள் இதைச் செய்யும். வயதானவருக்கு வாந்தி பேதி வந்து, அந்த மாத்திரையும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால் சீக்கிரமே செய்யும். "சோடியம் கம்மியாயிடுச்சாம், ஏத்தினதும் சரியாயிட்டார்" என்று சொல்லாத தெரு இல்லை. அந்த மூன்று நாளில் அவர் பேசிய பேச்சை மட்டும் யாரும் மறப்பதில்லை. மருமகளைத் திருடி என்று சொன்னது சோடியம் என்று ஒப்புக்கொள்ள ஒரு வீட்டுக்குப் பத்து வருடம் பிடிக்கிறது.

வீட்டார் மறைப்பதால் வருவது இன்னொன்று. தினமும் குடித்துக்கொண்டிருந்த அப்பாவை இடுப்பெலும்பு முறிவுக்குச் சேர்ப்பார்கள். "கெட்ட பழக்கம் எதாவது?" என்று கேட்டால் அம்மா தரையைப் பார்ப்பார், மகன் "இல்ல சார், எப்பவாவது" என்பார். குடி நின்ற இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, வேர்த்துக்கொட்டி, கட்டிலை விட்டு எழுந்து ஓட ஆரம்பிப்பார். இது உயிரையே எடுக்கக்கூடியது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் தடுக்கக்கூடியதும்கூட. மானத்துக்காகச் சொல்லப்படும் பொய்களிலேயே மருத்துவமனையில் மிக ஆபத்தானது இதுதான்.

டெலிரியத்தை எப்படித் தடுப்பது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனூயி நடத்திய ஆய்வுகள் ஒரு திருப்புமுனை. 1996இல் அவர் மருத்துவமனையே உண்டாக்கும் காரணங்களைப் பட்டியலிட்டார். நோயாளியைக் கட்டிப்போடுவது, சத்துக் குறைவு, ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேற்பட்ட புது மருந்துகளைச் சேர்ப்பது, சிறுநீர்க் குழாய் போடுவது, சிகிச்சையாலேயே விளையும் வேறு கெடுதல்கள். 1999இல் வெளியான அடுத்த ஆய்வில் எழுபது வயதைத் தாண்டிய 852 நோயாளிகள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. சிறப்புக் கவனிப்பு பெற்றவர்களில் அது 9.9 சதவீதம். அந்தச் சிறப்புக் கவனிப்பில் புது மருந்து எதுவும் இல்லை. கண்ணாடியை மாட்டிவிடுவது, காது மெஷினைப் போட்டுவிடுவது, இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று பேசிக்கொண்டிருப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, எழுப்பி நடத்துவது, இரவில் தூக்க மாத்திரைக்குப் பதில் வெதுவெதுப்பான பாலும் முதுகு நீவிவிடுதலும். இதையெல்லாம் செய்ய அவர்கள் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து அமர்த்த வேண்டியிருந்தது.

நமக்கு அந்தத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்த அத்தையும் சித்தியும்தான் அவர்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறையால் வந்த வழக்கம் அது, யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனாலும் பலன் தந்தது. தனியார் மருத்துவமனை பெரிதாகப் பெரிதாக, ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ், மாலை ஐந்து முதல் ஆறு வரை பார்வை நேரம், தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது என்று அந்த வழக்கம் சுருங்கிவிட்டது. தொற்றுக்குப் பயந்து வைத்த விதிகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குழம்பிப்போன எண்பது வயதுக்காரரின் கையைக் காஸ் துணியால் கட்டிலோடு கட்டிவைப்பதைவிட, தெரிந்த முகம் ஒன்றை ஒரு நாற்காலியில் உட்காரவைப்பது நல்லது. இதை டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கேட்டால் பல இடங்களில் விடுகிறார்கள். சேர்க்கும்போதே "பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்று கழற்றிக் கொடுக்கும் கண்ணாடியையும் பல்செட்டையும் காது மெஷினையும் திருப்பிக் கொண்டுவந்து மாட்டிவிடுவதை அதற்கும் முன்னால் செய்யலாம். பாதி அடம் அங்கேயே கரையும்.

சத்தம் போடாத டெலிரியமும் உண்டு. நாள் முழுக்கத் தூங்குவார், கூப்பிட்டால் மெதுவாகக் கண் திறப்பார், சாப்பாடு வேண்டாம் என்பார். "நல்ல பேஷன்ட்" என்று வார்டு பாராட்டும். இவர்கள்தான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறவர்கள். தொல்லை கொடுக்காததால் டாக்டரைக் கூப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை.

இனி பழைய குணம். வாழ்நாள் முழுக்க உத்தரவு போட்டவருக்கு, பின்னால் நாடா கட்டிய பச்சை அங்கியை மாட்டி, ஒண்ணுக்குப் போகவும் மணி அடிக்கச் சொல்கிறோம். அடுப்படியை ஆண்ட அம்மாவுக்கு உப்பில்லாத இட்லியைத் தட்டில் நீட்டுகிறோம். கையில் மிச்சமிருக்கும் ஒரே அதிகாரம் "வேண்டாம்" என்பதுதான், அதைப் பிரயோகிக்கிறார்கள். இதற்கு எதிர்வாதம் பலிக்காது. தேர்ந்தெடுக்கச் சிறியதாக எதையாவது கொடுத்தால் பலிக்கும்: ஊசி இந்தக் கையிலா அந்தக் கையிலா, குளியல் இப்போதா காபிக்கு அப்புறமா. தந்திரம் மாதிரித் தெரியும். ஆனால் நேர்மையாகச் செய்தால், பிடுங்கிக்கொண்டதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பதுதான் இது.

பல அடங்களுக்கு அடியில் பணம் இருக்கும். ஸ்கேன் வேண்டாம், ஸ்பெஷல் ரூம் வேண்டாம், நாளைக்கே டிஸ்சார்ஜ் பண்ணு என்று கத்துபவர் பலநேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் பிள்ளைகள் "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்பார்கள். வாழ்நாள் முழுக்கச் செலவு நோட்டு எழுதிய மனிதரிடம் சொல்லக்கூடிய மோசமான பதில் இதுதான். தெரியாத தொகை அவர் மனதில் இரண்டு மடங்காக வளரும். இன்சூரன்ஸ் எவ்வளவு தரும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஐந்து லட்சம் வரை கிடைக்குமா, அறை வாடகைக்கு உச்சவரம்பு இருப்பதால் பெரிய அறை எடுத்தால் மற்றச் செலவுகளிலும் பிடித்தம் வருமா என்பதை அவரிடமே உட்கார்ந்து பேசினால், நோயாளி மறுபடியும் குடும்பத் தலைவர் ஆகிறார். கத்தல் குறையும்.

சந்தேகம் வேறு சங்கதி. வளையலைக் காணோம், பத்திரத்தைத் தூக்கிட்டான், இவள் என் மகளே இல்லை என்று மாதக்கணக்கில் சொல்லிவந்திருந்தால், அது குணமும் இல்லை, டெலிரியமும் இல்லை. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று லாசி-டாட் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டில் வைத்திருக்கும் பெயர் ‘வயசாயிடுச்சு.’ மூளையின் முன்பகுதி சுருங்கும் ஒரு வகையில் மறதிக்கு முன்னாலேயே குணம் மாறும். கூச்சம் போகும், இரக்கம் போகும், கெட்ட வார்த்தை வரும். நாற்பது வருடம் கண்ணியமாக வாழ்ந்தவர் இப்படி மாறினால் ஜாதகம் பார்ப்பதற்கு முன் நரம்பியல் டாக்டரைப் பார்ப்பது உத்தமம். மருத்துவமனைச் சேர்க்கை பலநேரம் இதை முதல்முறையாக வெளியே கொண்டுவருகிறது. வீட்டில் மனைவி மூடிமறைத்துச் சமாளித்துவந்தது புது இடத்தில் உடைந்துவிடுகிறது.

நம் பத்திரிகைகள் எழுதத் தயங்கும் ஒரு வகைப் பெற்றோரும் உண்டு. குடித்து அடித்த அப்பா, ஒரு பிள்ளையை வளர்த்து மற்றொன்றை ஒடுக்கிய அம்மா. இவர்கள் கட்டிலில் படுத்ததும் பிள்ளைகளின் மனசில் பாசம் தானாக ஊறிவிடும் என்று எதிர்பார்ப்பது சினிமா. சட்டம் அப்படி எதிர்பார்க்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். பெற்றோர், முதியோர் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007 பிள்ளைகளிடம் கேட்பது பராமரிப்பு. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம். பொறுப்பில் இருப்பவர் முதியவரைக் கைவிட்டு ஓடினால் மூன்று மாதம் வரை சிறை. அன்பைப் பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை. தன்னை அடித்த அப்பாவைத் தன் கையால் குளிப்பாட்ட முடியாத மகள், அதற்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தால் கடமை முடிந்தது என்பது என் துணிபு. உறவினர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். உறவினர்கள் இரவு தங்கவும் மாட்டார்கள்.

அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு வார்டில் அடிக்கடி அடிபடுவது. தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் போனால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்ததை எப்படி நிறுவுவது என்பதில்தான் நீதிமன்றங்களில் இழுபறி நடந்துவருகிறது. அதனால் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதும்போதே அந்த வரியையும் எழுதிவிடுவது புத்திசாலித்தனம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைநாட்டு வாங்கும் வழக்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம்: டெலிரியத்தில் இருப்பவரிடம் வாங்கிய கையெழுத்து நீதிமன்றத்தில் நிற்காது, குடும்பத்திலும் நிற்காது.

மூன்றாவது, விருப்பம். இந்தியாவில் ஒப்புதல் பற்றிய முக்கியமான தீர்ப்பு 2008இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் வழங்கியது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு, வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அவசரம் எதுவும் இல்லை, அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்து கேட்டிருக்கலாம், அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். வயது வந்த, சிந்திக்கும் திறனுள்ள ஒருவருக்கு அவருடைய ஒப்புதல்தான் ஒப்புதல். இதை அப்படியே திருப்பி வைத்துப் பார்த்தால், எழுபத்தைந்து வயது அப்பாவுக்காக மகன் போடும் கையெழுத்துகளில் பாதி எந்த அடிப்படையில் போடப்படுகின்றன என்ற கேள்வி வரும். நம் மருத்துவமனைகளில் படிவம் மகனிடம்தான் நீட்டப்படுகிறது. அப்பா அதே அறையில் தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டார்" என்பது இதன் இரட்டைப் பிறவி. புற்றுநோய் என்றால் இந்த ஏற்பாடு ஏறக்குறைய கட்டாயம். நோயாளிக்குப் பெரும்பாலும் தெரியும். கீமோ வார்டில் படுத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்க அவர் குருடாகவும் செவிடாகவும் இருக்க வேண்டும். தனக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளிடமிருந்து அவரும் மறைக்கிறார். இந்த நாடகத்தில் இரண்டு தரப்பும் களைத்துப்போகின்றன. அதற்குள் கேட்கவேண்டியதைக் கேட்கும் நாட்கள் தீர்ந்துவிடுகின்றன. எல்லோரும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க? உங்ககிட்ட பேசவா, பசங்ககிட்ட பேசவா?" என்று டாக்டர் முதலில் கேட்டுவிட்டால் போதும். பசங்ககிட்ட பேசுங்க என்பதும் ஒரு பதில்தான், ஆனால் அவர் சொன்ன பதில்.

சரி, திறன் இருக்கிறதா இல்லையா என்பதை எப்படி அறிவது? 1980களில் அமெரிக்க மனநல மருத்துவர் பால் ஆப்பல்பாமும் உளவியலாளர் தாமஸ் கிரிஸ்ஸோவும் வகுத்த நான்கு அளவுகோல்களைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, அது தன் நிலைமைக்குப் பொருந்துகிறது என்று உணர்கிறாரா, இரண்டு வழிகளை ஒப்பிட்டு யோசிக்கிறாரா, ஒரு முடிவைச் சொல்லி அதில் நிற்கிறாரா. நல்ல முடிவா கெட்ட முடிவா என்பது இந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்காத முடிவு என்பதால் அப்பாவுக்குத் திறன் போய்விட்டது என்று ஆகாது. திறன் நேரத்துக்கு நேரம் மாறும், விஷயத்துக்கு விஷயமும் மாறும். மாலையில் குழம்புபவர் காலை பத்து மணிக்குத் தெளிவாக இருக்கலாம், அப்போது கேட்க வேண்டும். வங்கிக் கணக்கு புரியாதவருக்கு, தன் காலை எடுக்கலாமா கூடாதா என்பது நன்றாகப் புரியலாம்.

இடுப்பெலும்பு முறிவை உதாரணத்துக்கு எடுக்கலாம். நம் வீடுகளில் அதிகம் சண்டை நடப்பது இதில்தான். வழுக்கி விழுந்த எண்பத்திரண்டு வயது அம்மா கத்தி வேண்டாம் என்கிறார். புத்தூர் கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று பெரியப்பா சொல்கிறார். இடுப்பு மூட்டின் கழுத்துப் பகுதி உடைந்தால் கட்டுப் போட்டு இறுக்கிப் பிடிக்க அங்கே இடமே கிடையாது. அறுவை செய்யாவிட்டால் பெரும்பாலும் படுக்கைதான். படுக்கை என்றால் புண், நெஞ்சுச் சளி, காலில் இரத்தக் கட்டி. முடிந்தால் இரண்டு நாட்களுக்குள் அறுவை செய்வது நல்லது என்று வழிகாட்டு நெறிகள் சொல்வது நடக்கவைப்பதற்காக மட்டுமல்ல. ஆபரேஷன் பெரிய விஷயம் என்று அம்மா பயப்படுகிறார், ஆனால் ஆபரேஷன் இல்லாமல் ஒவ்வொரு முறை புரட்டும்போதும் அலறவேண்டியிருக்கும் என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்லிப் பாருங்கள். "மறுபடி நடக்கறது இருக்கட்டும், வலி போகுமா?" என்று கேட்டு ஒப்புக்கொள்ளும் அம்மாக்கள் உண்டு. எல்லாம் கேட்டுவிட்டு, ஏற்கெனவே இதயம் பலவீனமாகிப் படுக்கையிலேயே இருந்தவர், வலிக்கு மருந்து மட்டும் போதும் என்றால் அதுவும் மதிக்கவேண்டிய பதில். இந்த இரண்டு அம்மாக்களையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அடமாகத்தான் தெரியும்.

முடிவெடுக்கும் நேரத்தில் விமானத்தில் ஒருவர் வந்து இறங்குவார். இத்தனை நாள் மூத்திரப் பையை மாற்றியவர் அக்கா. வந்து இறங்குபவர் தம்பி. வந்த மணி நேரத்தில் "ஏன் வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தலை? ஏன் இன்னொரு ஸ்கேன் எடுக்கலை?" என்று ஆரம்பிப்பார். இது நமக்கு மட்டும் உரிய காட்சி என்று நினைத்தால் தவறு. 1991இல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழொன்றில் இதைக் ‘கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்’ நோய்க்குறி என்றே பெயரிட்டுக் கட்டுரை எழுதினார்கள். நம் ஊரில் அவர் நியூஜெர்சியிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் மகன், அவ்வளவே வித்தியாசம். அவர் கெட்டவர் இல்லை. கூட இல்லாத குற்ற உணர்வும், படிப்படியாகச் சரிந்ததைப் பார்க்காததால் வரும் அதிர்ச்சியும் சேர்ந்து பேசவைக்கின்றன. இதற்கு நான் பார்த்தவரையில் உருப்படியான ஒரே வழி, வீட்டின் சார்பில் டாக்டரிடம் பேச ஒருவரை மட்டும் முன்கூட்டியே நியமிப்பது. பணம் தருபவருக்கு இயல்பாகவே அந்த இடம் போய்விடுகிறது. கூட இருப்பவருக்குப் போகவேண்டும் என்பேன். தூக்கம் கெட்டுப் பார்த்தவருக்குத்தான் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் தகவல் போடலாம், வாக்கெடுப்பு நடத்தக்கூடாது.

கூட இருப்பவர் என்றால் பெரும்பாலும் ஒரு பெண். மகள், மருமகள், கல்யாணமாகாத தங்கை. வேலையை விட்டவர்களும் சம்பளமில்லா விடுப்பில் இருப்பவர்களும் இவர்கள்தான். திட்டு வாங்குவதும் இவர்களே, ஏனெனில் அருகில் இருப்பவரைத்தான் திட்ட முடியும். மூன்று இரவு தொடர்ந்து தூங்காத ஒருவர் நான்காம் நாள் எடுக்கும் முடிவை நம்பக்கூடாது. இரவுக்கு ஆள் வைப்பதை ஆடம்பரமாக நினைக்கும் குடும்பங்கள் இந்த ஒன்றையாவது கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனபின் கேள்விகள் மாறிவிடுகின்றன. வென்டிலேட்டர் வைக்கலாமா, டயாலிசிஸ் தொடங்கலாமா, நெஞ்சை அமுக்கலாமா. நெடுங்காலமாகத் தமிழ்நாட்டில் இதற்கு இருந்த ஒரே வெளிவழி, மருத்துவ ஆலோசனைக்கு எதிராகக் கூட்டிப்போகிறோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோவது. உயிர் வழியில் போகும், அல்லது கூடத்தில், வலிக்கு ஒரு மருந்தும் இல்லாமல். நிறுத்தவேண்டியது செயற்கைச் சுவாசமாக இருக்க, நாம் வலி நிவாரணத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டு வருகிறோம். இதைப் போலக் கொடுமையான ஏற்பாடு வேறில்லை.

சட்டம் இப்போது வேறு வழியைத் திறந்திருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்றது. மீளமுடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதையும் ஏற்றது. அன்று சொன்ன நடைமுறையில் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வேண்டியிருந்ததால் யாரும் பக்கத்தில் போகவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கினார்கள். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும். தனக்காகப் பேசவேண்டியவர்களின் பெயரையும் அதில் குறிப்பிட வேண்டும். செயல்படுத்தும்போது மருத்துவமனை மூன்று டாக்டர்கள் கொண்ட முதல் குழுவையும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் இடம்பெறும் இரண்டாவது குழுவையும் அமைக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். எழுதிவைக்காதவர்களுக்கும் குடும்பத்தின் ஒப்புதலோடு இதே வழி உண்டு. நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்க முயலவேண்டாம் என்று முடிவெடுப்பதற்கான வழிகாட்டுதலை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இலேயே வெளியிட்டது. பல மருத்துவமனைகள் இன்னும் குழு அமைக்கவில்லை என்பது உண்மை. வீட்டார் கேட்காதவரை அமைக்கவும் மாட்டார்கள்.

கேட்க நம்மைத் தடுப்பது எது? "நாமளே கொன்னுட்டோம்னு ஆயிடும்" என்ற பயம். தென் மாவட்டங்களில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுக்கும் தலைக்கூத்தல் பற்றிய செய்திகள் வந்த நிலம் இது. ‘பாரம்’ படம் அதைப் பேசித்தான் தேசிய விருது வாங்கியது. அங்கே முதியவரைக் கேட்காமல் அவர் உயிரை எடுக்கிறார்கள். இங்கே பேசப்படுவது, உடல் தானாகப் போகும் பாதையில் இயந்திரத்தைக் குறுக்கே வைக்காமல் விடுவது, அதுவும் அவர் விருப்பத்தின்படி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால், ஒரு பக்கம் குற்றம் இரகசியமாக நடக்கிறது. மறுபக்கம் நியாயமான முடிவைச் சொல்லக்கூட வாய் கூசுகிறது.

மூக்குக் குழாய் இந்தக் கூச்சத்தின் தினசரி வடிவம். முற்றிய மறதி நோயில் விழுங்கும் திறன் போகும். சாப்பிடாமல் எப்படி விடுவது என்று குழாய் போடுகிறோம், அவர் பிடுங்குகிறார், கையைக் கட்டுகிறோம். இந்தக் கட்டத்தில் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ புரையேறலைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை, பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் சொன்னது. பக்கவாதம் வந்து சில வாரத்தில் தேறக்கூடியவருக்குப் போடும் குழாய் முற்றிலும் வேறு, அதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் சோறு போடுவதே பாசம் என்று வளர்ந்த நமக்கு, நாலு ஸ்பூன் ரசம்சாதத்தோடு நிறுத்திக்கொள்வது உலகத்திலேயே கடினமான காரியம்.

டிஸ்சார்ஜ் பற்றிச் சுருக்கமாக. பத்து நாள் படுக்கையில் இருந்தால் ஆரோக்கியமான முதியவர்கூடக் கால்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசையை இழக்கிறார் என்று 2007இல் ஒரு ஆய்வு காட்டியது. நோயாளி இன்னும் அதிகம் இழப்பார். நடந்து உள்ளே போனவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவது இதனால்தான். முதல் நாளிலிருந்தே உட்காரவைக்கச் சொல்லிப் பிசியோதெரபிஸ்டைக் கேட்பது நம் வேலை. இரண்டு மாடி ஏறவேண்டிய வீட்டுக்கா, கீழ்வீட்டுக்கா, கழிப்பறையில் பிடி இருக்கிறதா, பகலில் யார் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வரும் மாலையில் யோசிக்க முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் அதில் சேர்க்கப்பட்டன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைக்கலாம். முதியோருக்கென்றே தனிப் பிரிவு 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜனால் தொடங்கப்பட்டது, இந்தியாவுக்கே முன்னோடி அது. கிண்டியில் 2024இல் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. வழி கேட்க முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. படுத்த படுக்கையானவரைச் சேர்க்கத் தயங்கும் முதியோர் இல்லங்கள் பல உண்டு, அதனால் அங்கே விசாரிப்பதானால் நடமாட்டம் இருக்கும்போதே விசாரிக்க வேண்டும். அனுப்புவது பாவமா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. அவரைக் கேட்டார்களா என்பதில்தான் ஆர்வம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு சட்டச் சிக்கல் மிச்சம் இருக்கிறது. பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்புகிறோம். எழுதிக்கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. அதாவது எப்போது தேவையோ அப்போது அது இருக்காது. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள, 2024இல் ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்க் காப்பாளர் உத்தரவு வாங்கவேண்டியிருந்தது. வங்கியில் இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்கு, இன்சூரன்ஸ் அட்டையின் நகல், மாத்திரைச் சீட்டு, எந்தச் சிகிச்சை வேண்டாம், யார் பேசவேண்டும் என்று எழுதி நோட்டரி சான்று பெற்ற ஒரு தாள். இவற்றை அடுத்த சேர்க்கைக்கு முன் தயார் செய்யலாம்.

அந்தத் தாளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலான அப்பாக்களும் அம்மாக்களும் சொல்வது ஒன்றுதான்: "அதெல்லாம் நீங்க பாத்துக்கோங்க." இதைத் தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை, பொறுப்பை ஒப்படைப்பதும் ஒரு விருப்பமே. ஆனால் ‘நீங்க’ என்றால் யார் என்று கேட்டால் மழுப்புவார்கள். ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னால் மற்றதற்கு மனவருத்தம். அப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம்: "உங்களுக்கு நினைவில்லாத நேரத்துல யார் முடிவெடுத்தா உங்களுக்குக் கோபம் வரும்?" இதற்கு மட்டும் பதில் உடனே வந்துவிடும், பெயரோடு.